சாமியாரை எப்ப கூப்பிடணும், வென்டிலேட்டரை எப்ப எடுக்கலாம்: பங்குல அடிக்கடி கேக்குற கேள்விங்க

எங்க கத்தோலிக்கக் கோயில் பங்குல நோயாளிகளைப் பாக்கப் போற குழுவுல நானும் ஒருத்தி. ஃபாதரும் இல்ல, டாக்டரும் இல்ல. ஆனா அன்பியக் கூட்டத்துக்கு (பங்குல பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ந்து ஜெபிக்கற கூட்டம்) போனாலும் சரி, ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னாலும் சரி, இழவு வீட்டுப் பந்தல்ல உக்காந்தாலும் சரி, இதே கேள்விங்கதான் சுத்திச் சுத்தி வருது, அதான் கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதி வெச்சுட்டேன். உங்க வீட்டு நோயாளி விஷயத்துல முடிவெடுக்கும்போது இதை மட்டும் வெச்சு எடுக்காதீங்க, பங்கு ஃபாதர்கிட்டயும் பாக்கற டாக்டர்கிட்டயும் உக்காந்து பேசிடுங்க.

சாமியாரை எப்ப கூப்பிடணும்? மூச்சு இழுக்க ஆரம்பிச்ச பிறகுதானே?

இல்லவே இல்ல. நோயாளிக்கு ஃபாதர் எண்ணெய் பூசி ஜெபிக்கற நோயில்பூசுதலை அந்தக் காலத்துல பாட்டிமாருங்க அவஸ்தைப்பூசுதல்னு சொல்லி கடைசி மூச்சு வரைக்கும் காத்திருந்தாங்க, அந்தப் பழக்கம்தான் இன்னும் விடல. இரண்டாம் வத்திக்கான் சங்கமே இது சாகப்போற நொடியில இருக்கறவங்களுக்கு மட்டுமான அருட்சாதனம் (திருச்சபையோட புனிதச் சடங்கு) இல்லைன்னு தெளிவா சொல்லிடுச்சு, 1972ல ஆறாம் பவுல் போப் சடங்கையும் திருத்தினார். முன்னாடி கண்ணு, காது, மூக்கு, வாய், கைன்னு பூசுனது இப்ப நெத்தியிலயும் ரெண்டு கையிலயும். பெரிய ஆபரேஷனுக்கு முன்னாடி, கேன்சர்னு தெரிஞ்சவுடனே, வயசாகி ரொம்பத் தளந்துபோனா, எல்லாத்துக்கும் கேக்கலாம்.

சீக்கிரம் கூப்பிடச் சொல்றதுக்குக் காரணம் சிம்பிள். நினைவோட இருக்கும்போது ஃபாதர் வந்தா அவங்க பாவசங்கீர்த்தனம் (பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேக்கறது) பண்ணலாம், நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கலாம், மனசுல இருக்கறதைச் சொல்லி அழலாம். நினைவு போன பிறகு வந்தா எண்ணெய் பூசலாம், பாவமன்னிப்பும் கொடுக்கலாம், ஆனா அவங்க வாயால சொல்ல நினைச்சது உள்ளேயே போயிடும்.

ஃபாதர் எண்ணெயோட வந்தாலே அப்பா "நான் போகப்போறேன் போல"ன்னு பயந்துடுவாரே?

பயப்படுவார்தான், ஏன்னா நாம கடைசியிலயே கூப்பிட்டுப் பழக்கிட்டோம். அதனால முதல்ல தலைவெள்ளி (மாசத்து முதல் வெள்ளி) நன்மை கொடுக்க வரும்போது சும்மா வந்து பேசிட்டுப் போகச் சொல்லுங்க, ரெண்டு மூணு தடவை வந்து பழகின பிறகு பூசுனா யாரும் மிரள மாட்டாங்க. பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாள், 1993ல இருந்து அதுதான் உலக நோயாளர் நாள். அன்னைக்குப் பல பங்குல பூசையில வெச்சே வரிசையா எல்லாருக்கும் பூசுறாங்க, அங்க வீல்சேர்ல கூட்டிட்டுப் போங்க. பக்கத்து வீட்டுக்காரரும் வாங்கறார்னா பயம் பாதி கொறையும்.

ஃபாதர் வர்றதுக்கு முன்னாடி வீட்டுல என்ன ரெடி பண்ணணும்?

சின்ன மேசை, வெள்ளைத்துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு தொங்கற சிலுவை), மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணி, கொஞ்சம் பஞ்சு. டிவியை ஆஃப் பண்ணுங்க. முக்கியமா ஒண்ணு, அறையில ஆக்ஸிஜன் சிலிண்டரோ கான்சன்ட்ரேட்டரோ ஓடுதுன்னா மெழுகுவர்த்தியே வேண்டாம், ஃபாதர் கோவிச்சுக்க மாட்டார். ஆஸ்பத்திரின்னா போன்லயே வார்டு, பெட் நம்பர், ஐசியூ பாக்கற நேரம் எல்லாம் சொல்லிடுங்க, டியூட்டி நர்ஸ்கிட்டயும் முன்னாடியே சொல்லி வைங்க, இல்லாட்டி வாசல்ல செக்யூரிட்டியோட வாக்குவாதத்துலயே நேரம் போயிடும்.

நினைவே இல்லாம ஐசியூல கிடக்கறாங்க, இப்ப பூசுனா பலிக்குமா? வர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சுன்னா?

பலிக்கும். நினைவோட இருந்திருந்தா கேட்டிருப்பாங்கன்னு நினைக்க இடமிருந்தா போதும், கொடுக்கலாம்னு திருச்சபைச் சட்டமே சொல்லுது. குழாயும் ஒயருமா இருந்து கை எட்டலைன்னா நெத்தியில மட்டும் பூசுனாலும் செல்லும். உயிர் இருக்கா போச்சான்னு சந்தேகமா இருந்தாலும் பூசலாம். நிச்சயமா போயிடுச்சுன்னா பூச மாட்டாங்க, இறந்தவங்களுக்கான ஜெபம் சொல்லி மந்திரிப்பாங்க. "ஃபாதர் பூசாம விட்டுட்டார், இனி மோட்சம் கிடைக்குமா"ன்னு அதுக்கப்புறம் வீட்டுல ஒருத்தரை ஒருத்தர் குத்திக்காட்டிக்கறதைப் பாத்திருக்கேன். அது தேவையில்லாத வேதனை, கடவுளோட இரக்கம் அந்த எண்ணெய் டப்பாவோட முடிஞ்சுடறதில்ல.

ஒரு தடவை பூசியாச்சே, மறுபடி கேக்கலாமா?

கேக்கலாம். தேறி எழுந்து மறுபடி சீரியஸ் ஆனாலும் சரி, அதே நோய் இன்னும் மோசமானாலும் சரி.

ஃபாதர் ஊர்ல இல்ல, சிஸ்டரோ உபதேசியாரோ பூசலாமா?

பூசக்கூடாது, குருவும் (ஃபாதரும்) ஆயரும் (பிஷப்பும்) மட்டும்தான். குருவுக்கு அடுத்த நிலையில இருக்கற தியாக்கோனுக்குக்கூட அந்த அதிகாரம் இல்ல. பக்கத்துப் பங்கு ஃபாதர், ஆஸ்பத்திரிக்கு வந்து போற வேற ஃபாதர், யாரா இருந்தாலும் சரி, உயிர் போற ஆபத்துல எந்தக் குருவும் பாவமன்னிப்பு கொடுக்கலாம்.

ஆனா பலருக்குத் தெரியாதது, சாகப்போறவங்களுக்கான உண்மையான கடைசி அருட்சாதனம் பூசுதல் இல்ல, நற்கருணைதான், வழியுணவுன்னு சொல்லுவாங்க. அதை நற்கருணைப் பணியாளரே கொண்டுவரலாம். முழுங்க முடியலைன்னா அப்பத்துல நெல்லு அளவு கிள்ளி ஒரு ஸ்பூன் தண்ணியோட கொடுக்கலாம், அதுவும் முடியாதுன்னா ஃபாதர் திரு இரத்தத்துல (பூசையில அர்ச்சிச்ச திராட்சை ரசத்துல) ஒரு சொட்டு கொடுக்க வழி இருக்கு. ஒரு மணி நேரம் சாப்பிடாம இருக்கணும்ங்கறது நோயாளிக்கும் இல்ல, ராப்பகலா பாத்துக்கறவங்களுக்கும் இல்ல.

டாக்டர் வென்டிலேட்டர் போடணும்ங்கறார். வேண்டாம்னு கையெழுத்துப் போட்டா சாவான பாவமா?

இந்தக் கேள்விதான் எல்லாத்துலயும் அதிகமா வருது. நேரடி பதில், பல நேரங்கள்ல பாவம் இல்ல. 1957 நவம்பர்ல மயக்கமருந்து டாக்டர்கள் இதையே பன்னிரண்டாம் பயஸ் போப்கிட்ட கேட்டாங்க, அப்பதான் மூச்சுக்கருவி புதுசா வந்திருந்த நேரம். உயிரைக் காப்பாத்த சாதாரண வழிகளைக் கையாளணும், தனக்கும் மத்தவங்களுக்கும் மிதமிஞ்சின சுமையா ஆகற வழிகளுக்குக் கட்டாயம் இல்லைன்னு அவர் பதில் சொன்னார். அந்த யோசனையும் அவர் கண்டுபிடிச்சது இல்ல. 16ஆம் நூற்றாண்டுலயே ஸ்பெயின்ல பிரான்சிஸ்கோ தெ வித்தோரியாங்கற தொமினிக்கன் சாமியார், வைத்தியர் கோழிக்கறி சாப்பிடச் சொன்னாலும் விலை கூடுன கோழியைத்தான் வாங்கித் தின்னணும்னு நோயாளிக்குக் கடமை இல்லைன்னு எழுதிட்டுப் போயிருக்கார்.

அதனால சிகிச்சையோட பேரை வெச்சு பாவம் புண்ணியம் சொல்ல முடியாது. நிமோனியா வந்த 30 வயசுப் பையனுக்கு ஒரு வாரம் வென்டிலேட்டர் போட்டா எழுந்து நடப்பான், அவனுக்கு அது சாதாரண வழி. உடம்பு பூரா பரவின கேன்சரோட 84 வயசுப் பாட்டிக்கு அதே மெஷின் சாவைத் தள்ளிப்போடறது மட்டும்தான். டாக்டர்கிட்ட "போட்டா பொழைப்பாங்களா"ன்னு மட்டும் கேக்காதீங்க, "போட்டு எத்தனை நாள்ல எடுக்க முடியும்னு நினைக்கறீங்க, எடுத்த பிறகு எப்படி இருப்பாங்க, போடலைன்னா மூச்சுத்திணறலுக்கு என்ன கொடுப்பீங்க"ன்னு கேளுங்க. முடிவு நோயாளியோடது, அவங்களால முடியாதப்பதான் நம்மளோடது, அதுவும் அவங்க என்ன விரும்பியிருப்பாங்கன்னு யோசிச்சு எடுக்கணும். அமெரிக்காவுல இருந்து லேட்டா வர்ற மகன் குற்ற உணர்ச்சியில "எவ்ளோ செலவானாலும் எல்லாத்தையும் பண்ணுங்க"ன்னு கத்தறது நோயாளியோட விருப்பம் ஆயிடாது.

போடாம விடறது சரி. போட்டதை எடுக்கறது கொலைதானே?

மனசுக்கு அப்படித்தான் தோணும், கையால சுவிட்சை அணைக்கற மாதிரி இருக்கறதால. ஆனா திருச்சபை இந்த ரெண்டையும் ஒரே அளவுகோல்லதான் பாக்குது. சுமையான, ஆபத்தான, பலனுக்குப் பொருந்தாத சிகிச்சையை நிறுத்தறது சரியா இருக்கலாம்னு திருச்சபைப் போதனையைத் தொகுத்த மறைக்கல்வி நூல் 2278வது எண்ல இருக்கு, அதுல சாவை வரவழைக்கற எண்ணம் இல்ல, தடுக்க முடியாததை ஏத்துக்கறதுதான். சாகடிக்கறதுக்காக நிறுத்தறது வேற, அது ஊசி போட்டாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி, கொலைதான்.

நம்ம ஊர்ல உயிர் வீட்டுலதான் போகணும்னு ஆம்புலன்ஸ்ல ஆம்பு பையை (கையால மூச்சுக் கொடுக்கற பை) அமுக்கிக்கிட்டே கொண்டுவந்து ஹால்ல படுக்க வெச்சதும் குழாயை உருவறாங்களே, அதுவும் மேல சொன்ன நிலைமையில தப்பு இல்ல. ஆனா மூச்சு முட்டறதுக்கும் வலிக்கும் மருந்து வாங்காம, வெறுங்கையோட கூட்டிட்டு வந்துடாதீங்க. எடுத்த பிறகு அரை மணியும் ஆகலாம், ரெண்டு நாளும் ஆகலாம், அந்த நேரம் பூரா அவங்க மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டே இருக்கக்கூடாது.

காசு இல்லாமதான் நிறுத்தினோம், வீட்டை வித்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாங்களோன்னு உறுத்துது.

1980 மே 5ஆம் தேதி கருணைக்கொலை பத்தி வத்திக்கான் வெளியிட்ட அறிக்கையில, குடும்பத்து மேல தாங்கமுடியாத செலவை ஏத்தக்கூடாதுன்னு சிகிச்சையை மறுக்கறது தற்கொலைக்குச் சமம் இல்லைன்னு பச்சையா எழுதியிருக்கு. பேத்தி கல்யாண நகையை அடகு வெச்சு பத்து நாள் ஐசியூ பில் கட்டலைன்னு யாரும் நரகத்துக்குப் போறதில்ல. அதே சமயம் ஒண்ணு, சொத்துப் பத்திரத்துல கையெழுத்து வாங்கின கையோட "போதும் டாக்டர்"ங்கறவங்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது, அவங்களுக்கே அது தெரியும்.

ரெண்டாம் ஜான் பால் போப்பையே எடுத்துக்குங்க. 2005 மார்ச் கடைசியில அவருக்கு மூக்குக் குழாய் வெச்சாங்க, மறுநாள் இன்ஃபெக்ஷன் வந்து காய்ச்சல் ஏறுனப்ப திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகல, வத்திக்கான்ல தன் அறையிலயே இருந்து, நோயில்பூசுதல் வாங்கிக்கிட்டு ஏப்ரல் 2ஆம் தேதி ராத்திரி இறந்தார். அவருக்குக் காசு இல்லாமலா?

அப்படின்னா ஜெபக்கூட்டத்துல சொன்ன மாதிரி மாத்திரையை நிறுத்திட்டு விசுவாசத்தோட இருக்கலாமா?

கூடாது. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, டிபி மருந்து எல்லாம் சாதாரண வழி, அதை எடுத்துக்கறது கடமை. வைத்தியரையும் ஆண்டவர்தான் படைச்சார்னு சீராக் 38ஆம் அதிகாரத்துலயே இருக்கு. மருந்தை நிறுத்தினாதான் விசுவாசம்னு எந்தப் பிரசங்கியார் சொன்னாலும் அது கத்தோலிக்கப் போதனை இல்ல.

மூக்குக் குழாய்ல கஞ்சி கொடுக்கறதையும் நிறுத்தலாமா?

இங்கதான் கவனமா இருக்கணும், வென்டிலேட்டருக்குச் சொன்ன பதிலை அப்படியே இங்க ஒட்டாதீங்க. 2004 மார்ச்ல ரெண்டாம் ஜான் பால், சோறும் தண்ணியும் குழாய் வழியா போனாலும் அது மருத்துவம் இல்ல, மனுஷனுக்கு மனுஷன் செய்யற பராமரிப்பு, பொதுவா கொடுத்துத்தான் ஆகணும்னு சொன்னார். 2007லயும் வத்திக்கான் அதையே உறுதி பண்ணுச்சு, 2020ல வந்த சமாரித்தானுஸ் போனுஸ் (நல்ல சமாரியர்) மடலும் அதேதான். வருஷக்கணக்கா நினைவில்லாம படுத்திருக்கறவங்க, பக்கவாதம் வந்து முழுங்க முடியாதவங்க, இவங்களுக்கு "எதுக்கு இழுத்துக்கிட்டு"ன்னு கஞ்சியை நிறுத்தினா அவங்க நோயில சாகறதில்ல, பசியில சாகறாங்க.

ஆனா உடம்பே வாங்காத கட்டம்னு ஒண்ணு வரும். கொடுத்ததெல்லாம் வாந்தியா வரும், நுரையீரலுக்குப் போகும், வயிறு உப்பும், காலெல்லாம் நீர் கோக்கும். அப்ப அது பராமரிப்பாவே இல்ல, அந்த மடல்களே அதை ஒத்துக்குது. கடைசி நாட்கள்ல பசி தானா அடங்கிடும், "சாப்பிடாமதான் செத்தார்"னு ஊரு பேசும்னு பயந்து திணிக்காதீங்க.

கடைசி நேரத்துல எல்லாரும் வரிசையா வாய்ல பால் ஊத்தறாங்க, வேளாங்கண்ணி தீர்த்தம் ஊத்தறாங்க. நல்லதுதானே?

பாசத்துலதான் ஊத்தறாங்க, ஆனா முழுங்க முடியாத ஆளுக்கு அது நேரா நுரையீரலுக்குப் போகும், கடைசி மணி நேரம் கொரகொரன்னு மூச்சுத்திணறலா ஆயிடும். பஞ்சைத் தண்ணியில நனைச்சு உதட்டையும் நாக்கையும் ஈரமாக்குங்க, அது உண்மையிலயே சுகம் கொடுக்கும். தீர்த்தத்தை நெத்தியில சிலுவை போடுங்க. பேரன் பேத்திங்க கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா ஜெபமாலை சொல்லட்டும், சூசையப்பர் ஜெபம் சொல்லட்டும், அவர்தானே நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர். நினைவு இல்லைன்னு நினைச்சு பக்கத்துல நின்னு கல்லறை இடத்தைப் பத்திப் பேசாதீங்க, காது கேக்கலாம்.

எங்க பக்கத்துல ரொம்ப நாளா இழுத்துக்கிட்டு இருக்கறவங்களுக்கு விடிகாலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி இளநீர் கொடுப்பாங்க, நிம்மதியா போயிடுவாங்க. இதுல என்ன தப்பு?

தலைக்கூத்தல்னு பேரு, விருதுநகர் மாதிரி தென்மாவட்டங்கள்ல நடந்ததா 2010ல பத்திரிகையிலயே வந்துச்சு. இது கொலை, சுத்தி வளைக்க எதுவும் இல்ல. இளநீரும் எண்ணெயும் விஷம் இல்லதான், ஆனா எதுக்காகச் செய்யறோம்ங்கறது செய்யறவங்களுக்கும் தெரியும், பாத்துக்கிட்டு நிக்கறவங்களுக்கும் தெரியும். வென்டிலேட்டரை எடுக்கறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு ஒரு அண்ணன் கேட்டார். அங்க நோய் கொல்லுது, நாம வழியை மறிக்காம விடறோம். இங்க நோய் கொல்லலைன்னுதான் நாம கை வைக்கறோம்.

ஆனா இந்தக் கேள்வியைக் கேக்கற வீட்டை நான் திட்ட மாட்டேன். ஒரே மருமக, ரெண்டு வருஷமா மலம் மூத்திரம் அள்ளறா, முதுகுப்புண்ணுக்கு மருந்து போடறா, தூங்கி நாளாச்சு, அன்பியத்துல ஒருத்தரும் எட்டிப்பாக்கல. அப்படிப்பட்ட வீட்டுக்கு "பாவம்"னு சொல்லிட்டு வர்றதுக்கு முன்னாடி வாரத்துல ரெண்டு மத்தியானம் போய் உக்காந்து அவளைத் தூங்க விடணும். பங்குல இருக்கற வின்சென்ட் தே பவுல் சபை, மரியாயின் சேனை மாதிரி உதவிக் குழுக்கள்கிட்ட சொல்லுங்க, தண்ணி மெத்தை, டயப்பர்னு ஏதாவது ஏற்பாடு ஆகும்.

மார்ஃபின் கொடுத்தா சீக்கிரம் போயிடுவாங்களாமே? வலியை ஆண்டவரோட பாடுகளோட ஒப்புக்கொடுக்கச் சொல்லலாமா?

சரியான அளவுல, கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக் கொடுத்தா மார்ஃபின் கொல்றதில்ல, வலியைத்தான் கொறைக்குது. அப்படியே ஆயுசு கொஞ்சம் கொறைய வாய்ப்பு இருந்தாலும், நோக்கம் வலி தீர்க்கறதா மட்டும் இருந்தா கொடுக்கலாம்னு 1957லயே போப் சொல்லிட்டார், மறைக்கல்வி நூல் 2279லயும் இருக்கு. முழுசா மயக்கத்துல ஆழ்த்தற அளவுக்குப் போறதுன்னா மட்டும் அதுக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனம், உயில், பிள்ளைங்ககிட்ட பேசறது எல்லாம் முடிச்சுக்க நேரம் கொடுங்க.

வலியை ஒப்புக்கொடுக்கறது படுத்திருக்கறவங்க தானா விரும்பிச் செய்யறது. ஏசி ரூம்ல சேர் போட்டு உக்காந்திருக்கறவங்க அடுத்தவங்களுக்குச் சொல்ற புத்திமதி இல்ல. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வலி நிவாரண ஆதரவு சிகிச்சைக்கு நர்ஸ் வீட்டுக்கே வர ஏற்பாடு இருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்க் கேளுங்க.

லிவிங் வில் எழுதி வெக்கலாமா? கோர்ட் கருணைக்கொலைக்கு அனுமதி கொடுத்துடுச்சுங்கறாங்களே?

2018 மார்ச் 9ஆம் தேதி தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் அனுமதிச்சது ஊசி போட்டுக் கொல்றதை இல்ல, மீளவே முடியாத நிலையில சிகிச்சையை நிறுத்தறதையும் முன்கூட்டியே எழுதி வெக்கறதையும்தான். 2023 ஜனவரியில நடைமுறையைச் சுலபமாக்கிட்டாங்க, இப்ப ரெண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெசட்டட் ஆபீசர் கையெழுத்து போதும், மாஜிஸ்திரேட் தேவையில்ல. ஆஸ்பத்திரியில டாக்டர்களோட ரெண்டு தனித்தனி குழு பாத்து ஒத்துக்கணும்.

கத்தோலிக்கர் எழுதலாம். "பலனில்லாத, சுமையான சிகிச்சை வேண்டாம், வலிக்கு மருந்து வேணும், உடம்பு ஏத்துக்கற வரைக்கும் சாப்பாடும் தண்ணியும் வேணும், ஃபாதரைக் கூப்பிடுங்க" இப்படி எழுதுங்க. எந்த நிலையிலயும் குழாய்ச் சாப்பாடு வேண்டாம்னு பொத்தாம்பொதுவா எழுதறது மேல சொன்ன போதனையோட மோதும். கோர்ட் அனுமதிக்கற எல்லாமே திருச்சபைக்குச் சரின்னும் எடுத்துக்காதீங்க.

மூளைச்சாவுன்னு சொல்லிட்டாங்க, ஆனா நெஞ்சு துடிக்குதே. உறுப்பு தானம் கொடுத்தா உயிர்த்தெழும்போது உடம்பு முழுசா இருக்குமா?

மூளை முழுக்க, மூளைத்தண்டும் சேத்து, திரும்ப முடியாதபடி நின்னுபோச்சுன்னு கறாரா சோதிச்சு உறுதி பண்ணா அது சாவுதான்னு எடுத்துக்கலாம்னு 2000 ஆகஸ்ட்ல ரெண்டாம் ஜான் பால் சொன்னார். நெஞ்சு மெஷின் தள்ளற காத்துல துடிக்குது. இதையும் கோமாவையும் குழப்பிக்காதீங்க, கோமாவுல இருக்கறவங்க உயிரோட இருக்கறவங்க. தானம் கொடுக்கறது நல்ல காரியம், கட்டாயப்படுத்தக்கூடாது, விக்கக்கூடாது. தமிழ்நாட்டுல 2023ல இருந்து அவங்க அடக்கத்துக்கு அரசு மரியாதையும் உண்டு. உயிர்ப்பைப் பத்திக் கவலைப்படாதீங்க, சிங்கத்துக்கு இரையான வேதசாட்சிங்களையும் ஆண்டவர் எழுப்பத்தானே போறார்.

எரிக்கலாமா? சாம்பலைக் கடல்ல கரைக்கலாமா?

எரிக்கறதுக்கு 1963லயே தடையை எடுத்துட்டாங்க, ஆனா புதைக்கறதுதான் திருச்சபைக்குப் பிரியம். சாம்பலைக் கரைக்கக்கூடாது, தூவக்கூடாது, ஆளுக்குக் கொஞ்சம்னு பங்கு போடக்கூடாது, கல்லறைத் தோட்டம் மாதிரி புனித இடத்துல வெக்கணும்னு 2016ல சொன்னாங்க.

பத்து வருஷமா கோயிலுக்கே வரல, கோயில் வரியும் பாக்கி. ஃபாதர் அடக்கத்துக்கு வருவாரா?

அடக்கப் பூசை மறுக்கப்படற ஆளுங்க யாருன்னு சட்டத்துல பட்டியல் இருக்கு, வேதத்தை (கிறிஸ்தவ விசுவாசத்தை) வெளிப்படையா விட்டவங்க மாதிரி. வரி பாக்கிக்காரங்க அந்தப் பட்டியல்ல இல்ல. ஏழைங்களுக்கு முறையான அடக்கம் இல்லாம போயிடக்கூடாதுன்னும் அதே சட்டத்துல இருக்கு. பாக்கிக் கணக்கைப் பொணத்தை நடுவுல வெச்சுக்கிட்டுப் பேசற கமிட்டிக்காரங்க சில ஊர்ல உண்டு, அப்படி ஆச்சுன்னா நேரா ஃபாதர்கிட்டப் போங்க.

எங்க அப்பா இந்து, அம்மா வழியில நாங்க வேதம் (கிறிஸ்தவங்க). கடைசி நேரத்துல அப்பா ஞானஸ்நானம் கேட்டா? ஃபாதர் வர நேரம் இல்லைன்னா?

அவரே கேட்டா நீங்களே கொடுக்கலாம், அங்க நிக்கற நர்ஸ்கூட கொடுக்கலாம், கொடுக்கறவங்க வேதக்காரங்களாவே இருக்கணும்னு இல்ல, திருச்சபை செய்யறதைச் செய்யற எண்ணம் இருந்தா போதும். முக்கியமான உண்மைகளைப் பத்தி அவருக்குக் கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கணும், அதை ஏத்துக்கறேன்னு ஏதாவது ஒரு விதத்துல காட்டணும், தலையாட்டுனாலும் சரி. தலையில தண்ணி ஓடற மாதிரி ஊத்திக்கிட்டே அவர் பேரைச் சொல்லி "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே உமக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்"னு சொல்லணும்.

அவர் ஒருநாளும் கேக்கல, இப்ப நினைவு இல்ல, ஆனா நமக்கு ஆசைன்னா செய்யக்கூடாது. தூங்கறவர் தலையில திருட்டுத்தனமா தண்ணி ஊத்தறது அவரையும் மதிக்கறதில்ல, அருட்சாதனத்தையும் மதிக்கறதில்ல. அவருக்காக வேண்டிக்குங்க, கையைப் பிடிச்சுக்குங்க, அவங்க சொந்தக்காரங்க தேவாரம் பாடினா பாடட்டும். அவர் கேட்டு நீங்க கொடுத்திருந்தா தேதி, ஊத்துனவங்க பேர், சாட்சி பேர் எல்லாம் எழுதி ஃபாதர்கிட்ட கொடுத்துடுங்க, ஞானஸ்நானப் புத்தகத்துல ஏத்தணும். பொழைச்சு எழுந்து உக்காந்துட்டார்னா மிச்சச் சடங்கையும் மறைக்கல்வியையும் ஃபாதர் பாத்துக்குவார்.